“நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்பவரையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ‘அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு ஓர் உலா’ என்ற தலைப்பில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



தண்ணீர் லாரிக் கணக்கு, லிப்ட் பராமரிப்பு, பார்க்கிங் பிரச்சினை எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். செயலாளர் என்னிடம் கேட்டது இதுதான்: “அரையாண்டு லீவு வருது சார். பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஒரே நாள்ல போயிட்டு வர்ற மாதிரி ஒரு இடம் சொல்லுங்க.”

நான் சொல்லப்போவது உங்கள் எல்லோருக்கும் தெரிந்த இடம்தான். மெரினா கலங்கரை விளக்கம். அதைப் பார்க்காதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். மேலே ஏறிப் பார்த்தவர்கள் மட்டும் கை தூக்குங்கள் பார்ப்போம். ஏழு பேர். இத்தனை பேரில் ஏழு பேர். சரி, அப்படியானால் நான் பேசுவதில் பயன் இருக்கிறது.

இடத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு விஷயம். நம் வீடுகளில் ஊர் சுற்றத் திட்டம் போடும்போது யாரை மனத்தில் வைத்துப் போடுகிறோம்? பிள்ளைகளை. அவர்களுக்கு எது பிடிக்கும், எங்கே விளையாடலாம், என்ன சாப்பிடலாம் என்று பார்க்கிறோம். எல்லாம் முடிவான பிறகு கடைசியாகப் பெரியவர்களிடம் போய், “நீங்களும் வர்றீங்களாம்மா?” என்று கேட்கிறோம். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். “எனக்கு எதுக்குப்பா? முட்டி வலி. நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பார்த்துக்கறேன்.”

நம் கட்டடத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்ளக் காவலாளி இருக்கிறார், கேமரா இருக்கிறது, இரும்புக் கதவு இருக்கிறது. வீட்டுக்குக் காவல் தேவையே இல்லை. அந்தப் பதிலுக்கு வேறு பொருள். ‘நான் வந்தால் உங்கள் வேகம் குறையும், உங்களுக்குத் தொந்தரவாக இருக்கும்’ என்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். நாமும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

என் யோசனை இவ்வளவுதான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், வீட்டில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ அவரை வைத்துத் திட்டம் போடுங்கள். அவரால் முடிகிற இடமாகப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் அந்த இடம் பிடிக்க வேண்டும். சென்னையில் இந்த இரண்டுக்கும் பொருந்தும் இடங்களை நான் தேடிப் பார்த்தேன். முதலில் நின்றது கலங்கரை விளக்கம். காரணம் மிகச் சாதாரணமானது. அதில் லிப்ட் இருக்கிறது.

மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்தில் ஏறியவர்களுக்குத் தெரியும். பாறை மேல் ஏறி, அதன் பிறகு குறுகலான படிகளில் சுற்றிச் சுற்றி ஏற வேண்டும். முட்டி வலிக்காரர்கள் கீழேயே உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நம் மெரினாவில் அப்படி இல்லை. லிப்ட் வைத்த கலங்கரை விளக்கம் நம் நாட்டில் மிகவும் அரிது. ஒன்பதாவது மாடி வரை லிப்டில் போய், பார்வையாளர் மாடத்தில் நின்று கடலைப் பார்க்கலாம். நம் வீட்டு லிப்டில் ஏறி இறங்கத் தெரிந்த யாரும் அங்கேயும் ஏறலாம்.

இப்போது பிள்ளைகளுக்கு உள்ள விஷயத்துக்கு வருகிறேன். வெறுமனே ‘இதுதான் கலங்கரை விளக்கம்’ என்று காட்டினால் ஐந்து நிமிடத்தில் ‘அடுத்து என்ன?’ என்பார்கள். ஒரு கதையோடு கூட்டிக்கொண்டு போங்கள். நாம் இப்போது பார்க்கிற சிவப்பு வெள்ளைக் கோபுரம் சென்னையின் நான்காவது கலங்கரை விளக்கம். முந்தைய மூன்றும் இருந்த இடங்கள் இன்னமும் இருக்கின்றன. நான்கையும் தேடிப் பிடிப்பதை ஒரு விளையாட்டாகவே வைத்துக்கொள்ளலாம்.

முதலில், இந்த ஊருக்கு விளக்கு எதற்கு என்று பிள்ளைகளைக் கேளுங்கள். மெட்ராஸுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. மும்பை மாதிரி கடல் உள்ளே வந்து வளைந்து கொடுக்கும் இடம் இங்கே இல்லை. திறந்த கடற்கரை, ஓயாத அலை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் தைத்த பலகைகளால் ஆன மசூலா படகுகளில் நம் கடலோர மக்கள் அலையைத் தாண்டிப் போய், ஆட்களையும் சரக்குகளையும் இறக்கிக் கரைக்குக் கொண்டு வருவார்கள். ஆணி அடித்த படகாக இருந்தால் அந்த அலையில் பிளந்துபோகும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். இப்படிப்பட்ட ஊரில் இரவில் வரும் கப்பலுக்குக் கரை எங்கே என்று சொல்ல ஒரு விளக்கு வேண்டியிருந்தது.

1796இல் முதல் விளக்கு வந்தது. எங்கே தெரியுமா? புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இப்போது கோட்டை அருங்காட்சியகம் இருக்கிற கட்டடத்தின் மொட்டை மாடியில். அதற்கென்று தனிக் கோபுரமே கிடையாது. தேங்காய் எண்ணெய் ஊற்றிய விளக்குகளை மாடியில் ஏற்றி வைத்தார்கள். நம் பாட்டிமார்களுக்கு இந்தச் செய்தி பிடிக்கும். வீட்டில் கார்த்திகைக்கு ஏற்றுகிற விளக்கின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கிற உயரமான கல் தூண். பல்லாவரத்துப் பாறையில் செதுக்கிய கல். 125 அடி உயரம். 1844 ஜனவரி 1 முதல் இதில் விளக்கு எரிந்தது. பலர் அந்தத் தூணை ஏதோ நினைவுச் சின்னம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது விளக்கைக் கண்டுபிடிப்பதுதான் பிள்ளைகளுக்குச் சவால். அது அந்தத் தூணுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் தனியாக இல்லை. உயர்நீதிமன்றக் கட்டடத்தை 1892இல் திறந்தார்கள். சிவப்புச் செங்கல், குமிழ் குமிழாகக் கோபுரங்கள். அந்தக் கோபுரங்களிலேயே மிக உயரமானதன் உச்சியில், 1894 முதல் விளக்கு வைத்தார்கள். கீழே வழக்கு, மேலே விளக்கு. 80 ஆண்டுகளுக்கு மேல் அப்படித்தான் நடந்தது.

இங்கே பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொள்ளும் கதை ஒன்று உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு. முதல் உலகப் போர் தொடங்கிச் சில வாரம்தான் ஆகியிருந்தது. ‘எம்டன்’ என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சத்தமில்லாமல் மெட்ராஸ் கடலுக்கு வந்து, துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுப் பற்றவைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். அரை மணி நேரம் போல நின்று சுட்டுவிட்டு, எதிர்க் குண்டு எதுவும் வந்து தாக்குவதற்குள் இருட்டில் மறைந்துவிட்டது. ஊரே கிலி பிடித்து மூட்டை முடிச்சோடு கிளம்பியது. அந்த நவம்பரிலேயே கோகோஸ் தீவுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் ஒன்று எம்டனை வீழ்த்திவிட்டது. ஆனால் பெயர் மட்டும் நம் பேச்சில் தங்கிவிட்டது. “அவன் சரியான எம்டன்ப்பா” என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த எம்டன் இதுதான். குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு உயர்நீதிமன்ற மதில் பக்கம் இருக்கிறது. தேடிப் பிடிக்கும் பிள்ளைக்கு ஓர் ஐஸ்கிரீம் என்று சொல்லிப் பாருங்கள்.

நான்காவது நம் மெரினா கோபுரம். 1977 ஜனவரியில் இது வேலை செய்யத் தொடங்கியது. பதினொரு மாடி. ஏறக்குறைய 150 அடி உயரம். கீழே நின்று பார்க்கும்போது வட்டமாக இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது முக்கோணக் கட்டடம். இதையும் பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடுங்கள்.

இந்த நான்காவது விளக்கு எங்கள் வீட்டோடும் கொஞ்சம் சம்பந்தப்பட்டது. அதனால் இரண்டு நிமிடம் சொந்தக் கதை பேச அனுமதி கேட்கிறேன்.

என் அம்மா கல்யாணமாகித் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து மெட்ராஸுக்கு வந்தவர். நான் சின்னப் பையனாக இருந்தபோது, எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். விளக்கின் மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. வாசலில் பெரிய கூட்டம். என் தங்கை கைக்குழந்தை, பசியில் அழுகிறது. அப்பா, “அடுத்த தடவை பார்த்துக்கலாம்” என்றார். நாங்கள் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினோம்.

அடுத்த தடவை வரவில்லை. 1991இல் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் படுகொலை செய்யப்பட்டார். அதைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளில், பாதுகாப்புக் காரணங்களுக்காகக் கலங்கரை விளக்கத்தைப் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். விளக்கு எரிந்தது, கப்பல்களுக்கு வழி காட்டியது. நமக்கு மட்டும் அனுமதி இல்லை. ஏறக்குறைய இருபது ஆண்டு அப்படியே போனது. 2013 நவம்பரில்தான் மீண்டும் திறந்தார்கள். செய்தித்தாளில் அதைப் படித்துவிட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா அப்போது இல்லை. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே காலமாகிவிட்டார்.

போன வருடம் நாங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம். வழக்கம் போல, “நீங்க போயிட்டு வாங்க” என்றார். என் தங்கை பிள்ளைகள் விடவில்லை. “பாட்டி, அங்க லிப்ட் இருக்கு, நீங்க ஒரு படிகூட ஏற வேணாம்” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். ஒன்பதாவது மாடியில் கதவைத் தாண்டியதும் காற்று அப்படி அடித்தது. அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றார்.

மேலேயிருந்து என்னவெல்லாம் தெரியும் என்று சொல்கிறேன். கிழக்கே முழுக்கக் கடல். வடக்கே மெரினா மணல் அப்படியே நீண்டு கிடக்கும். சாலையோரமாக ராணி மேரி கல்லூரி, விவேகானந்தர் இல்லம், மாநிலக் கல்லூரி, பல்கலைக்கழகம் என்று வரிசையாகக் கட்டடங்கள், அதற்கும் அப்பால் துறைமுகம். தெற்கே சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம், மீனவர் குடியிருப்புகள், மணலில் ஏற்றி வைத்த படகுகள். மேற்கே மயிலாப்பூர். தென்னை மரங்கள், மொட்டை மாடிகள், தண்ணீர்த் தொட்டிகள். நாம் தெருவில் நின்று பார்க்கும்போது இந்த ஊரில் மரமே இல்லை என்று தோன்றும். மேலேயிருந்து பார்த்தால் இத்தனை மரமா என்று இருக்கும்.

பிள்ளைகள் மேற்குப் பக்கம் போய் நம் ஈக்காட்டுத்தாங்கல் எங்கே என்று தேடினார்கள். அம்மா தெற்குப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றவர் என்னிடம் கேட்டார்: “நம்ம ஆறு எங்க போய்ச் சேருது?”

அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று இங்கே பழைய ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். அடையாற்றில் வந்த வெள்ளம் ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வழியெல்லாம் புகுந்தது. நாங்கள் அப்போது தரைத்தளத்தில் குடியிருந்தோம். அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, அப்போது இங்கே இருந்த காவலாளியும் இரண்டு பிளாக் பையன்களும் இரண்டாவது மாடிக்குத் தூக்கிப் போனார்கள். கரண்ட் இல்லை, லிப்ட் இல்லை. அந்தப் பையன்களில் ஒருவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

வீட்டுக்குள் வந்த தண்ணீரைப் பார்த்த அம்மா, அது எங்கே போக வேண்டிய தண்ணீர் என்று பார்க்க ஆசைப்பட்டார். நான் சாந்தோமுக்கு அப்பால் கைகாட்டி, “அதோ, அந்தப் பட்டினப்பாக்கம் தாண்டி, பெசன்ட் நகருக்கு இந்தப் பக்கம் கடல்ல சேருதும்மா” என்றேன். அம்மா கொஞ்ச நேரம் அந்தத் திசையையே பார்த்தார். “இவ்வளவு கிட்ட கடலை வெச்சிக்கிட்டா நம்ம வீட்டுக்குள்ள வந்துச்சு?” என்றார்.

நல்ல கேள்வி. இதற்கான பதிலில் ஒரு பகுதி அந்த மாடத்திலிருந்தே கண்ணில் தெரிகிறது. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நம் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் கட்டியபோது, வடக்கே போக வேண்டிய மணல் அந்தச் சுவரில் தடுக்கப்பட்டுத் தென்பக்கம் சேர்ந்தது. இன்றைக்கு நாம் கால் வலிக்க நடக்கிற மெரினா மணல் பரப்பில் பெரும்பகுதி அப்படிச் சேர்ந்ததுதான். துறைமுகத்துக்கு வடக்கே மணல் போய்ச் சேராததால் அந்தப் பக்கம் கடல் கரையை அரித்தது. அதே மணல் நகர்வுதான் அடையாற்று முகத்துவாரத்திலும் மணல் திட்டாகச் சேர்ந்து வாயை அடைக்கிறது. மழைக்காலத்துக்கு முன் அதை வெட்டித் திறந்துவிட வேண்டும். அங்கே வாய் அடைத்தால் இங்கே தெருவில் தண்ணீர் நிற்கும். நம் ஊர்ப் பெயரிலேயே ‘தாங்கல்’ இருக்கிறது. தாங்கல் என்றால் நீர் நிற்கும் ஏரி. தண்ணீரைத் தாங்கிய இடத்தில் நாம் வீடு கட்டியிருக்கிறோம். ஆகவே அந்த முகத்துவாரம் நமக்கு வேறு யாருடைய விஷயமோ இல்லை. அடுத்த முறை நம் சங்கம் மழைக்கு முன் மனுக் கொடுக்கும்போது, கால்வாய் தூர் வாருவதோடு முகத்துவாரத்தையும் சேர்த்து எழுதலாம் என்பது என் பணிவான யோசனை. இதைச் சொல்லிக் கொடுத்தது நான் இல்லை. ஒன்பதாவது மாடியில் அம்மா கேட்ட கேள்வி.

சரி, உலாவுக்குத் திரும்புகிறேன். கீழே இறங்கிய பிறகு வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். இன்னொரு வேலை இருக்கிறது.

மெரினாவுக்குப் பலமுறை போயிருக்கிறோம். ஆனால் பெரியவர்களோடு போகும்போது என்ன செய்வோம்? சாலையோர நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நாம் தண்ணீர் வரை போய்க் கால் நனைத்துவிட்டு வருவோம். அந்த மணலைக் கடப்பது அவர்களால் முடியாது. சக்கர நாற்காலிக்காரர்களுக்கு வழியே இல்லை. 2022 நவம்பரில் விவேகானந்தர் இல்லம் எதிரே மணலின் மேல் மரப்பாதை ஒன்று போட்டார்கள். மாற்றுத்திறனாளிகள் கடல் அருகே போக வேண்டும் என்பதற்காகப் போட்டது. 263 மீட்டர் நீளம். போட்ட சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் வந்து ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டது. பிறகு சரி செய்தார்கள். கடலோரம் என்றால் அப்படித்தான். அதனால் போகும் முன் பாதை நல்ல நிலையில் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாதையில் நடந்தார். நடுவில் மூன்று முறை நின்றோம். கடைசி வரை போனோம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அலையை இவ்வளவு அருகில் பார்ப்பதாகச் சொன்னார். பிள்ளைகள் ஒரு குவளையில் கடல் நீர் மொண்டு வந்து பாட்டியின் காலில் ஊற்றினார்கள். பாட்டி திட்டினார். எல்லோரும் சிரித்தோம்.

இப்போது நடைமுறை விஷயங்கள். குறித்துக்கொள்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாள். கலங்கரை விளக்கத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை பத்து முதல் ஒரு மணி வரை, பிறகு மாலை மூன்று முதல் ஐந்து வரை திறந்திருக்கும். கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள் ஒருமுறை நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். ஞாயிறு மாலை கூட்டம் அதிகம். லீவில்தான் போகிறோம் என்பதால் செவ்வாய், புதன் போல ஒரு நாளாகப் பாருங்கள். காணும் பொங்கல் அன்று அந்தப் பக்கமே போகாதீர்கள். சென்னையே மெரினாவில்தான் இருக்கும். கோட்டை அருங்காட்சியகத்துக்கும் போவதாக இருந்தால் அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, வழி. நம் ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ நிலையத்தில் லிப்ட் இருக்கிறது. அங்கே ஏறினால் எங்கும் மாறாமல் சென்ட்ரல் வரை உட்கார்ந்தே போகலாம். வழியில் கோயம்பேடு வரை மேலே ஓடும் ரயில், திருமங்கலத்துக்கு முன் பூமிக்குள் இறங்கும். அதை ஜன்னலோரம் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சென்ட்ரலில் இறங்கி ஒரு வண்டி பேசிக்கொள்ளுங்கள். உயர்நீதிமன்றப் பக்கம் போய், தூணையும் கோபுரத்தையும் வெளியிலிருந்து பாருங்கள். அங்கே உள்ளே போக முயல வேண்டாம், பாதுகாப்பு அதிகம். அடுத்து கோட்டை. அருங்காட்சியகத்தில் மாடிப்படி உண்டு. பெரியவர்களுக்கு முடியாவிட்டால் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அங்கிருந்து நேப்பியர் பாலம் வழியாகக் காமராஜர் சாலையில் நேராகத் தெற்கே வந்தால், உழைப்பாளர் சிலை, பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம் எல்லாம் வண்டியில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டு வரலாம். விவேகானந்தர் இல்லத்தின் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டியது. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் ஐஸ் எப்படி உருகாமல் அவ்வளவு தூரம் வந்தது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். மரத்தூள்தான் பதில்.

இன்னொன்று. பூந்தமல்லியிலிருந்து கலங்கரை விளக்கம் வரை புதிய மெட்ரோ பாதை வேலை நடந்து வருகிறது. அது முழுவதும் முடிந்தால் நாம் வடபழனி போய் மாறிக்கொண்டு கடற்கரையிலேயே இறங்கலாம். அதுவரை அந்தச் சாலையில் தடுப்புகள் இருக்கும், நெரிசல் இருக்கும். அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பெரியவர்கள். காலையிலிருந்து சுற்ற முடியாதவர் வீட்டில் இருந்தால், உயர்நீதிமன்றமும் கோட்டையும் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் மதியம் சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து, யாராவது ஒருவர் துணையோடு நேராக மூன்று மணிக்குக் கலங்கரை விளக்கத்துக்கு வந்துவிடட்டும். குடும்பம் அங்கே சேர்ந்துகொள்ளலாம். சக்கர நாற்காலி பயன்படுத்துபவராக இருந்தால் யாராவது முதலில் போய் வாசலில் கேட்டு ஏற்பாடு செய்துகொண்டு பிறகு வண்டியிலிருந்து இறக்குங்கள். நம் சங்க அலுவலகத்தில் ஒரு சக்கர நாற்காலி சும்மாதான் இருக்கிறது. இரண்டு நாள் முன்பு சொல்லிவிட்டு எடுத்துப் போகலாம். மாலை மாத்திரை, ஒரு பாட்டில் தண்ணீர், காதுக்கு ஒரு மப்ளர் அல்லது துண்டு கட்டாயம். மேலே காற்று பலமாக இருக்கும். கழிவறை வசதியை நினைத்தே பல பெரியவர்கள் வெளியே வர மறுக்கிறார்கள். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எங்கே இருக்கிறது என்று நீங்களே முன்கூட்டிப் பார்த்து வைத்துச் சொல்லிவிட்டால் பாதி தயக்கம் போய்விடும்.

நான்காவது, சாப்பாடு. வீட்டிலிருந்தே எலுமிச்சை சாதம், தயிர் சாதம், வடாம் எடுத்துப் போனால் உத்தமம். மாலையில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் இல்லாமல் மெரினா நிறைவு பெறாது. பஜ்ஜி அவரவர் வயிற்றைப் பொறுத்தது.

கடைசியாக, இருட்டும் வரை இருங்கள். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். விளக்கு சுழல ஆரம்பிக்கும். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனித்தனி மின்னல் கணக்கு உண்டு. எத்தனை முறை மின்னுகிறது, இடையில் எத்தனை வினாடி இருட்டு என்பதை எண்ணித்தான் மாலுமி ‘இது மெட்ராஸ்’ என்று தெரிந்துகொள்வான். பிள்ளைகள் கையில் கடிகாரம் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். தாத்தாவோ பாட்டியோ கூடவே எண்ணட்டும். இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதில் அரை மணி நேரம் ஓடிவிடும். எங்கள் வீட்டில் பாட்டி கணக்குத்தான் சரி.

நண்பர்களே, அந்தக் கோபுரம் ஒரு காலத்தில் திறந்திருந்தது. பிறகு இருபது வருடம் மூடிக் கிடந்தது. இப்போது திறந்திருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களும் இப்போது, கையைப் பிடித்துக்கொண்டாவது, நடக்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் அமைந்திருக்கிற காலம் இது. “அடுத்த தடவை” என்று தள்ளிப் போட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த லீவில் ஒரு புதன்கிழமை, விரும்பும் குடும்பங்கள் சேர்ந்து போகலாம் என்று செயற்குழுவில் பேசியிருக்கிறோம். அலுவலக நோட்டில் பெயர் எழுதுங்கள். பெயர் எழுதும்போது முதல் பெயராக உங்கள் வீட்டில் மிக மெதுவாக நடப்பவரின் பெயரை எழுதுங்கள். அதை வைத்துத்தான் வண்டியும் நேரமும் முடிவு செய்யப்போகிறோம். துணைக்குக் கை கொடுக்க நான்கைந்து இளைஞர்களும் தேவை. 2015இல் நாற்காலி தூக்கிய கைகள் இன்னும் வலுவாகத்தான் இருக்கின்றன என்று நம்புகிறேன்.